இரவல் பிள்ளைகள்

"உன்ரை பிள்ளையள் ரெண்டு பேரையும் வெள்ளி மட்டும் எனக்கு இரவல் தா," என்று பூரணி தொலைபேசியில் கேட்டாள்.

பாரிஸின் புறநகரான செவ்ரானில் இருந்த தங்கை சிவமணி திருப்பிக் கேட்டாள். "என்னத்துக்கு அக்கா?"

"எண்ணுறதுக்கு."

விஷயம் இதுதான். எண்பத்தாறாம் ஆண்டு செப்டெம்பர் மாதம். பாரிஸ் லா ஷப்பலில் பூரணியின் மகள் மேகலா படிக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இத்தனை தலைக்கு இத்தனை ஆசிரியர் என்பது அரசாங்கத்தின் கணக்கு. இரண்டு தலை குறைவதால் ஒரு வகுப்பை மூடி, ரோசாலி ரீச்சரை வேறெங்கோ அனுப்பப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி வந்து எண்ணுவார்.

மேகலா பிரான்சுக்கு வந்த நாளிலிருந்து வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. ரோசாலி அவளை வற்புறுத்தவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தான் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறை விட்ட அன்று மேகலா அவரிடம் பிரெஞ்சில் "போயிட்டு வாறன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகப் பூரணி அரசாங்கத்தோடு மோதத் தயாரானாள்.

சிவமணியின் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பூரணியின் விலாசத்திலேயே அவர்களைப் பதிந்துகொண்ட தலைமையாசிரியை அதிகம் கேள்வி கேட்கவில்லை. அவருக்கும் அந்த வகுப்பு வேண்டும்.

மறுநாளே பள்ளித் தாதி சின்னவனின் கழுத்தில் கொப்புளங்களைக் கண்டார். கொப்பளிப்பான், சின்னம்மை. அவனையும் அவன் அக்காவையும் வீட்டுக்கு அனுப்பினார். பக்கத்தில் இருந்த, நுளம்பு கடித்த கன்னத்தோடு வந்திருந்த பள்ளியின் சொந்த மாணவி ஒருத்தியையும் சந்தேகத்தில் அனுப்பிவிட்டார்.

இரண்டு குறை மூன்று குறையாயிற்று.

"சின்னவனுக்கு வருத்தமெண்டு ஏன் முதலே சொல்லேல்லை?" என்று பூரணி தங்கையைக் கேட்டாள்.

"நீ எண்ணத்தானே கேட்டனீ, அக்கா."

வியாழன் பின்னேரம் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கப் போன பூரணி, புதுச்சேரித் தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தாள். கையில் புது விளக்குமாறும் வாளியும். பின்னால் மூன்று பெண் பிள்ளைகள்.

நேரே போய் நின்றாள். "அண்ணை, உங்கடை பிள்ளையளோ?"

"ஆமாம்மா. ஏன்?"

"நாளைக்கு ஒருநாள் தருவியளோ?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். பூரணி ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"எண்ண வர்றது யாரும்மா?"

"ஆரோ ஒரு கணக்கன். அந்த ஆளுக்கு மனிசரைத் தெரியாது, தலையைத்தான் தெரியும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பேரு லூசியன். காலையில கொண்டாந்து விடறேன்."

சொன்னபடி வெள்ளி காலை மூன்று பேரும் வகுப்பில் இருந்தார்கள். பூரணி வேலைக்குப் போகாமல் தாழ்வாரத்தில் நின்றாள். தலைமையாசிரியை அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்தார். கறுப்புப் பை, கழுத்துப்பட்டி, நிமிர்ந்த நடை. லூசியன்.

பூரணி சுவரோரம் ஒதுங்கினாள். அவர் வகுப்பை எட்டிப் பார்த்தார். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த அவரின் சின்னவள் "பப்பா" என்று கையாட்டினாள். லூசியன் பையை மூடினார்.

"இந்தப் பள்ளிக்கூடத்தை நான் எண்ண முடியாது," என்று தலைமையாசிரியையிடம் பிரெஞ்சில் சொன்னார். "திங்கட்கிழமை வேறொருவர் வருவார்."

எல்லாம் முடிந்தது என்று பூரணி நினைத்தாள். அவர் அருகே வந்ததும் வழியை மறித்து நின்றாள்.

"ஐயா, பிழை என்ரை. ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது. உங்கடை பிள்ளையளை இப்பவே கூட்டிக்கொண்டு போங்கோ."

"எதுக்கும்மா கூட்டிக்கிட்டுப் போகணும்? நேத்துதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுல குடிவந்தோம், இனிமே மூணும் இங்கதான் படிக்கும். சொந்தப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்தை அப்பனே எண்ணினா எவனாவது ஒத்துக்குவானா?"