ராஜகோபாலுக்கு ஏவல் வைத்தது யார்?

திருத்தணியில் மலை ஏறுகிறவர்கள் ஒரு பக்கம் போனார்கள். பூனையைத் தூக்கியவர்கள் இன்னொரு பக்கம் போனார்கள். அன்றைக்கு இரண்டாவது பக்கம்தான் நெரிசல். கே.ஜி.கண்டிகை சாலையோரத் தகரக் கொட்டகையில் மார்ஜால சித்தர், அதாவது பூனைச் சித்தர், எழுந்தருளியிருந்தார். போன வருடம் வரை அதே கொட்டகையில் வெற்றிலை பாக்கு விற்ற கஜபதிதான் அவர். பூனைக்கு நீர்க்கடுப்பா? அது நோயில்லையாம், ஏவலாம். சித்தர் பார்த்தால் ஓடிப்போகுமாம்.

கூடையில் பூனை, சாக்கில் பூனை, துப்பட்டாவில் பூனை. ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டையும் ஓட்டி வந்திருந்தார். இந்த அறிவாளிகள் வரிசையில் பதினேழாவது ஆள் நான். ஆடிக் கிருத்திகை விரதத்துக்காக மஞ்சளில் தோய்த்த வேட்டி, கையில் கூடை, கூடைக்குள் ராஜகோபால். அவன் மீசைக்கு அதைவிடக் குறைந்த பெயர் வைக்க மனம் வரவில்லை.

இரண்டு வாரமாக அவன் மண் தட்டில் போகாமல், தறியில் ஏற்றிய பாவு நூல் மேல் சொட்டுச் சொட்டாக விட்டான். ரத்தமும் கலந்திருந்தது. நேற்றிலிருந்து அதுவும் இல்லை. குந்துவான், முக்குவான், கத்துவான்.

"பாவா, நேரா அரக்கோணம் போலாம். ஆண் பூனைக்கு மூத்திரம் நின்னா உசுருக்கே ஆபத்து" என்றாள் என் கொழுந்தியாள் சுதா. அரக்கோணத்தில் ஒரு கால்நடை டாக்டரிடம் வேலை செய்கிறாள்.

"சாமி ஒரு வாட்டி பார்க்கட்டும்டி. தறி மேலயே வுடுதுன்னா யாரோ வெச்சிருக்காங்க" என்றாள் என் மனைவி யோகலட்சுமி.

நான் வழக்கம்போல் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

சித்தரின் முறை எளிமையானது. பூனை நனைத்த துணியை வாங்குவார். மஞ்சள்தூள் தடவுவார். செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். துணி ரத்தமாகச் சிவக்கும். கூட்டம் "முருகா!" என்று அலறும். பிறகு தீர்ப்பு: "மூணு நாள் கூடையில போட்டு மூடு. ஒரு சொட்டுத் தண்ணி காட்டாத. காட்டினா ஏவல் திரும்பிடும்."

எங்கள் முறை வந்தது. சுதா முந்திக்கொண்டு ஒரு ஈரத்துணியை நீட்டினாள். மஞ்சள், தீர்த்தம், ரத்தம்.

"அடேயப்பா! மூணு மாசமா உங்க வீட்ல குந்திகினு கீது! பொம்பள ஏவல்!"

"சாமி, அது பூனைத் துணி இல்லீங்க. இப்பதான் எதிர்ல தெருக்குழாய்ல நனைச்சேன்" என்றாள் சுதா.

சித்தர் செம்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "ஆங்... தண்ணியிலயும் வரும். ஏவலுக்கு எதும்மா எல்லை?"

"அப்படியா?" சுதா செம்பைப் பிடுங்கி, மிச்சத் தீர்த்தத்தை என் மஞ்சள் வேட்டியில் வீசினாள். சொல்லக் கூசும் இடத்தில் பளீரென்று சிவப்பு பரவியது.

"பாவா, உனக்கும் நீர்க்கடுப்பா?"

ஆட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஆடு மிரண்டது. வரிசையில் இருந்த எங்கள் தெருச் சின்னம்மாள் செம்பை வாங்கி மோந்து பார்த்தாள். "அட கஜபதி! சுண்ணாம்புத் தண்ணிடா இது! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா ஆரத்திடா! தெனம் நான் கரைக்கிறதை எனக்கே காட்டி ஏமாத்திகினு கீறியா?"

வீட்டுக்கு வீடு ஆரத்தி கரைக்கிற கூட்டம் அது. நானோ இருபது வருடம் நூலுக்குச் சாயம் போட்டவன். நிறம் மாறினால் காரணம் தேடுவது என் தொழில். அன்றைக்கு மட்டும் "முருகா" என்று கத்தியவர்களில் என் குரல்தான் பெரிது. சித்தர் பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு ஓடினார்.

நாங்களும் ஓடினோம், ஆட்டோவில், அரக்கோணத்துக்கு. டாக்டர் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். "சாயங்காலம் வந்திருந்தா கையை விரிச்சிருப்பேன்" என்றார். யோகலட்சுமி கூடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கண்ணில் தூசி.

"வீட்ல புதுசா இன்னா மாத்தினீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"பவர்லூமைப் பின்னறைக்கு மாத்தினேன் சார்" என்றேன் பெருமையாக.

"பூனையோட மண் தட்டு?"

"அதே அறையில. தறிக்குப் பக்கத்துலயே."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நீங்க கக்கூஸ்ல குந்தினு இருக்கறப்போ காதுகிட்ட மேளம் அடிச்சா வருமா? பயந்தா, மனசு நொந்தா, பூனைக்கு மூத்திரப்பை புண்ணாயி அடைச்சிக்கும்."

ஏவல் வைத்தவன் அகப்பட்டான். நான்தான்.

இப்போது மண் தட்டு சத்தமில்லாத மூலையில் இருக்கிறது. இன்னொரு தட்டு மாடிப்படிக்குக் கீழே. இரண்டு இடத்தில் தண்ணீர்க் கிண்ணம், சோற்றில் கூடுதலாக மீன் வேகவைத்த தண்ணீர், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, தினமும் கொஞ்சம் விளையாட்டு. எங்கே நனைத்தாலும் திட்டக் கூடாது. மறுபடி முக்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவன் தட்டில் தாராளமாகப் போனான். நானும் யோகலட்சுமியும் தரிசனம் கிடைத்தவர்கள் போல நின்றோம்.

நேற்று அந்த ஆட்டுக்காரரைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். "கஜபதி டுபாக்கூருங்க. வேற நல்ல சித்தர் யாராச்சும் கீறாங்களா?" என்று கேட்டார்.

ராஜகோபாலுக்கு அடைத்துக்கொண்டது மூத்திரக் குழாய். அதை டாக்டர் திறந்துவிட்டார். நமக்கு அடைத்திருப்பது கழுத்துக்கு மேலே. அதற்குக் குழாய் விட எந்த டாக்டரும் இல்லை. நாமேதான் திறக்க வேண்டும்.