குண்டுக் கடிகாரமும் மலரின் கோழிகளும்

கடிகாரத்தில் ஒரு குண்டைக் காணோம் என்றதும், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மாதேஸ்வரன் குடித்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுத் தரையில் தவழ்ந்து தேடினார்.

முள்ளே இல்லாத பழைய கடிகாரம் அது. நிமிஷத்துக்கு ஒரு தரம், சுண்டைக்காய் அளவு இரும்புக் குண்டு ஒன்றைத் தூக்கி மேலே விடும். அது கடகடவென்று உருண்டு கீழே ஒரு தட்டில் போய் உட்காரும். எந்தத் தட்டில் எத்தனை குண்டு என்று பார்த்து மணி சொல்ல வேண்டும். பங்களாவுக்கு ஓடு மாற்றுகிறார்கள் என்று முதலாளி அதை இவர் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். "ஒரு குண்டு தொலைஞ்சாலும் நீ மூட்டையைக் கட்டிக்க வேண்டியதுதான்" என்று சிரிக்காமல் சொன்ன மனிதர். ஐப்பசி பிறந்ததும் வந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் ரொனால்ட், தினமும் வண்டி எடுக்குமுன் வந்து அதில் மணி பார்த்துவிட்டுப் போகிறவன். வாசலில் மேய்ந்த கோழிகளை அவன் ஒரு பார்வை பார்த்தான்.

"ரைட்டரண்ணா, பளபளன்னு கெடந்திருக்கும். கோழி கொத்தி முழுங்கியிருக்குமுங்க."

கோழிகள் மாதேஸ்வரனின் மனைவி மலருடையவை. "பொரட்டாசில கோழி அறுக்கறதா? ஊட்டுல பெருமாளுக்கு வெளக்கு வெச்சிருக்கறனுங்க" என்றாள்.

சரி, எச்சத்தில் வரும் என்று கோழிகளைக் கூடையால் கவிழ்த்து மூடி, குச்சியும் கையுமாக உட்கார்ந்தார் மாதேஸ்வரன். வந்ததெல்லாம் வெறும் எச்சம்.

அவசரத்துக்கு ஒரு பெரிய கோலிக்குண்டைப் போட்டார். அதன் கனத்துக்குத் தட்டு குப்புறக் கவிழ்ந்து, காலையிலேயே மணி ஒன்று என்றது கடிகாரம். அதை நம்பிச் சாப்பாட்டு மணியை அடித்துவிட்டார்.

"ஏனுங்க ரைட்டரு, கட்டியாந்த சோத்துல ஆவியே அடங்கலீங்க" என்றாள், களை வெட்டிக்கொண்டிருந்த மாரியம்மாள்.

அன்று சாயங்காலமே சாம்பல் கோழியின் விதி முடிந்தது.

"உங்க ஊட்டுல வேண்டாமுங்க. நான் எங்கூட்டுக்குப் பின்னாடி அறுத்துப் பாக்கறனுங்க" என்று ரொனால்டே தூக்கிப் போனான். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான். "இது இல்லீங்கண்ணா. கறியை என்னங்க பண்றது?"

"நாங்க தொட மாட்டோம். நீயே ஆக்கித் தின்னு, போ."

அடுத்த வாரம் இன்னொரு குண்டைக் காணோம். செங்கோழி போனது. அப்புறம் கருங்கோழி. கடைசியில் சேவல் மேல் சந்தேகம் விழுந்தபோது, மலர் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"அது கூவித்தானுங்க நான் எந்திரிக்கறேன். உங்க கடிகாரம் ஒருநா ஆரையாச்சும் எழுப்புச்சா?"

"சேவலா, என் வேலையா? நீயே சொல்லு."

மலர் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தச் சேவல் வயிற்றிலும் கம்பும் கல்லும்தான் இருந்ததாம்.

புரட்டாசியின் கடைசி நாள். விடிந்தால் முதலாளி. மாதேஸ்வரன் உண்மையாகவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அப்போது ரொனால்டின் மனைவி ராணி ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். உள்ளே இரும்புக் குண்டுகள் உருண்டன.

"அக்கா, இதை அவரு குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. நாளைக்கு ஐப்பசி பொறக்குதில்லைங்க, இனிமே கோழி அறுத்தா கறியை நீங்களே வெச்சுக்குவீங்களாம்."