மாடி வீட்டுக் கேஸ் வாசனை

"அங்கிள், இன்னிக்கும் கேஸ் வாசனை அடிக்குது" என்றாள் மாடியில் குடியிருக்கும் ஷோபா, படியில் நின்றபடி.

ராஜகோபால் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கொரோனாவோடு போன மோப்பம் அவருக்குத் திரும்பவே இல்லை. மனைவி மங்களம் இருந்தவரை அவள் மூக்கே இருவருக்கும் போதுமானதாக இருந்தது. போன ஆடியில் அவளும் போய்விட்டாள்.

சைனிக்புரியில் இருந்த தன் வீட்டின் மாடியைக் கேஸ் அடுப்பு, சிலிண்டரோடு வாடகைக்கு விட்டவர் அவர்தான். பழைய வயரிங் தாங்காது, கரண்ட் அடுப்பு கூடவே கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏதாவது வெடித்தால் யார் பொறுப்பு?

மெக்கானிக்கை அழைத்து மாடியில் ட்யூபை மாற்றினார். வாசனை போகவில்லை. ரெகுலேட்டரை மாற்றினார்.

"இப்ப இன்னும் ஜாஸ்தி அங்கிள்."

"உங்க மாமியார் அடுப்பைச் சரியா அணைக்கறதில்லையோ?"

"அவங்க அந்த அடுப்பைத் தொடறதே இல்லை."

"நீ?"

"நானும்தான்." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதாவது, பார்த்துத்தான் தொடுவேன். எதுக்கும் கீழே உங்க கிச்சனையும் ஒரு தடவை காட்டிடுங்களேன்."

"அது மங்களம் பார்த்துப் பார்த்து வாங்கின அடுப்பும்மா. அதுக்கு ஒண்ணும் வராது."

கடைசியில் மாடி சிலிண்டரையே இறக்கி வாசலில் வைத்துவிட்டார்.

"சரியாகற வரைக்கும் சாப்பாடு என் பொறுப்பு" என்று ஷோபா, அவள் கணவன், மாமியார் மூன்று பேருக்கும் ரசம் வைத்து, உப்புமா கிளறி அனுப்பினார். உப்பை இரண்டு தடவை போட்டிருந்தார். ஷோபா முகம் சுளிக்காமல் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

"வாசனை?"

"நீங்க சமைச்சதிலேர்ந்து படி முழுக்க அடிக்குது அங்கிள்."

சிலிண்டரே இல்லாத வீட்டில் வாசனை எப்படி ஏறும்?

மறுநாள் காலை மாடியில் குக்கர் விசில் அடித்தது. வாசலை எட்டிப் பார்த்தார். சிலிண்டர் அங்கேயே இருந்தது. மறுபடியும் விசில்.

மூச்சிரைக்க ஏறிப் போனார்.

"எதுல சமைக்கறீங்க? வேற சிலிண்டர் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

ஷோபா உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் மாமியார் உஷா கரண்டியோடு வந்தாள்.

"கோபம் நக்கோ, வேண்டாம் சார். வந்த நாள்லேர்ந்து எங்களுக்குக் கரண்ட் அடுப்புதான். இவ தினமும் படியில வந்து நின்னு சொன்னது கீழே உங்க அடுப்பு வாசனையை."