நீலப் பேசினைக் கவிழ்த்துப் பார்

தெற்கு மானிடோபா
பிப்ரவரி 11

அன்புள்ள தங்கை யுஸ்டீனாவுக்கு, அக்கா அகனேதா எழுதிக்கொள்வது. இங்கே ஆண்டவர் கிருபையால் என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உன் நலமும், உன் வீட்டுக்காரர் கொர்னேலியஸ் நலமும், நம் அம்மாவின் நீலப் பேசினின் நலமும் அறிய ஆவல்.

பேசின் என்றதும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. அம்மா ரொட்டி மாவு பிசைந்த அந்தப் பேசின் உன்னிடம்தான் இருக்கிறது என்று நான் சொல்ல, இல்லவே இல்லை என்று நீ சொல்ல, அம்மா போன இந்தப் பதினோரு வருஷத்தில் கடைசி நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமைக் காபிக்குக்கூட நாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. சண்டையில்லாமல் இதைத் தீர்க்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. என் பேத்தி கெண்ட்ரா மூலமாக வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவளோ பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறாள். மூன்று மாதம் சோதனைக் காலம். அங்கே ஒவ்வொரு வாத்தியாருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பதிவு உண்டாம், பதிவுகள் பெட்டிகளுக்குள்ளே, பெட்டிகள் இன்னும் பெரிய பெட்டிகளுக்குள்ளே. கையால் தொடுகிற பெட்டி இல்லையாம், கேட்டுவிட்டேன். எந்தப் பதிவு எந்தப் பெட்டியில் என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னார் மேலாளர் ஹார்டர். ஸ்கிரிப்ட் என்றால், நாம் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல், கணினி செய்யவேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுப்பது. இவள் எழுதிய சீட்டு என்ன செய்தது என்றால், ஒரு பதிவை எடுக்கும், முந்நூறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து இதிலே இருக்கிறதா என்று பார்க்கும், மூடும், அடுத்த பதிவை எடுக்கும், மறுபடி முதல் பெட்டியிலிருந்து. நாலாயிரம் பதிவு. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியம் ஆவதற்குள் கணினியெல்லாம் திணறிப்போய் ஒரு பள்ளியிலும் வருகைப் பதிவு எடுக்க முடியவில்லை.

“ஏம்மா, நான் பட்டியல்தானே கேட்டேன், பள்ளிக்கூடத்தையே நிறுத்திட்டியே!” என்றாராம் ஹார்டர். “வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா உங்கப்பாவோட பன்னிப் பண்ணையில எப்பவும் ஆள் தேவைதான்.”

புதன்கிழமை கிழவர் ஹைன்ரிக் டீக்கின் அடக்கம். ரொட்டியும் ஊறுகாயும் குழம்பும் பரிமாறி முடிந்து, சபைப் பெண்கள் கொண்டுவந்த நாற்பத்தொரு பாத்திரம் எடுத்துப்போக ஆளில்லாமல் சபைச் சமையலறையில் கிடந்தது. கெண்ட்ரா உதவ வந்தவள், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சபைப் பெண்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட ஆரம்பித்தாள். “சித்தி, இது உங்களோடதா பாருங்க... மூடி இல்லாதது... இல்லையா? சரி, வைங்க.” ஏழாவது போன்வரை பொறுத்துக்கொண்டேன்.

“ஏண்டி, ஊர்ல இருக்கிற அலமாரியை எல்லாம் திறக்கப் போறியா? அதைக் கவுத்துப் பாரு!”

கவிழ்த்தாள். அடியில் டேப் ஒட்டி, ‘திருமதி பி. தீசன்’ என்று எழுதியிருந்தது. எல்லாப் பாத்திரத்துக்கும் அப்படித்தானே எழுதுகிறோம். மிச்சக் குழம்பு காலுறையில் சொட்ட, அவள் அப்படியே நின்றாள்.

“பாட்டி! ஒவ்வொரு பதிவோட முழு முகவரியிலயும் அது இருக்கிற பெட்டி பேரு எழுதியேதான் இருக்கு. முதல்ல தன் பேரு, ஒரு கமா, அப்புறம் பெட்டி. தன் பேரை வெட்டிட்டா மிச்சம் பெட்டிதான். ஒண்ணையும் திறக்க வேணாம்!”

“முதல்ல தரையைத் துடை,” என்றேன்.

மறுநாள் ஒன்பது விநாடியில் பட்டியல் வந்துவிட்டது. ஆனால் நம் ஊரில் பத்து மார்கரெட், பதினாறு யாக்கோபு என்பதால் அலுவலகத்தில் குடும்பப் பெயரை முதலில் போட்டு, கமா போட்டு, அப்புறம்தான் சொந்தப் பெயர் எழுதுவார்கள். சீட்டு முதல் கமாவிலேயே வெட்ட, மேலாளர் யாக்கோபு ஹார்டரைப் பற்றி, ஹார்டர் என்பவர் யாக்கோபு என்ற பெட்டிக்குள் குடியிருப்பதாகக் காட்டிற்று. “எனக்குள்ள நானே எப்படிம்மா இருப்பேன்?” என்று கேட்டிருக்கிறார். பெயருக்குள் வருகிற கமாவுக்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு இருக்குமாம். அதை விட்டுவிட்டு அடுத்த கமாவில் வெட்டச் சொன்னதும் சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாயிற்று. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு என் பெயரைச் சொன்னாளாம். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது உன் விஷயம். அம்மா படுக்கையில் விழுமுன் ஒவ்வொரு சாமானின் அடியிலும் அது யாருக்கு என்று டேப் ஒட்டிவிட்டுப் போனாள். நீ பேசினைக் கவிழ்த்துப் பார். என் பெயர் இருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நாம் போக்குவரத்தாய் இருந்த காலத்தில், நீ தோட்டத்தில் இருந்தபோது இரண்டு தடவை உன் அலமாரி எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன், ஃப்ரீசர் பெட்டியையும், கொர்னேலியஸின் குளிர்கால உள்ளாடை இருக்கிற டிரங்குப் பெட்டியையும்கூட. ஆகவே அது கொட்டகையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கெண்ட்ராவுக்காக விருந்து. வரும்போது எடுத்து வா.

நீயும் உன் குடும்பமும் சுகமாயிருக்க ஆண்டவர் காப்பாராக.

உன் அக்கா,
அகனேதா

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் கெண்ட்ராவை உருளைக்கிழங்கு எடுத்துவர நிலவறைக்கு அனுப்பினேன். இப்போதெல்லாம் அவள் எதைத் தொட்டாலும் கவிழ்த்துப் பார்க்கிறாள். பதினோரு வருஷமாகக் கிழங்கு கொட்டிவைத்திருக்கிற என் பேசின், மண்ணைச் சுரண்டினால் நீலமாக இருக்கிறது. அடியில் அம்மாவின் கையெழுத்து: ‘யுஸ்டீனாவுக்கு.’ ஞாயிற்றுக்கிழமை வெறும் கையோடு வா.