பாங்கொக் அண்ணை வாசலோடு நின்ற கோயில்கள்

இத்தனை காலம் பாரிஸில் இருந்தும் ஈபிள் கோபுரத்தை எட்டிப் பார்க்காத மனிதர், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவர்தான். அவருக்குத்தான் பாங்கொக்கின் அத்தனை விகாரைகளும் தலைகீழ்ப் பாடம். அங்கே ரூ காய் என்ற தெருவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் அவரை எல்லோரும் பாங்கொக் அண்ணை என்போம். பிரான்ஸுக்கு வருகிற வழியில், விசாப் பேப்பர் இல்லாமல் அங்கே நெடுநாள் மாட்டிக்கொண்டவர். சுற்றுலாக் கூட்டத்தோடு நடந்தால் பொலிஸ் மறிக்காது என்று, பகல் முழுக்க வெள்ளைக்காரருக்குப் பின்னால் கோயில் கோயிலாகத் திரிந்திருக்கிறார்.

இப்போது யார் பாங்கொக்குக்கு விடுமுறைக்குப் போனாலும் தானும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போன கோடையில் எங்களோடு வந்தார். நான் மறுக்கவில்லை. நானும் கணவரும் மூன்று வயது மகளோடு போகிறோம். தண்ணீர், காய்ச்சல், வெயில் என்று ஆயிரம் பயம். எல்லாவற்றிலும் பெரியது, கையை விட்டால் அவள் ஓடிவிடுவாள் என்பது. வழி தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டுமே.

முதலில் நாற்சந்தியில் உள்ள பிரம்மா சந்நிதி. நான்கு முகத்துக்கும் மாலைகள் குவிந்திருந்தன. அண்ணை ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் நின்று முணுமுணுத்தார்.

“அப்பிடி என்ன கேட்டனீங்கள் அண்ணை?”

“கேக்கேல்லை தங்கச்சி. மன்னிப்புச் சொன்னனான். எங்கட ஆக்கள் இவருக்குக் கோயில் கட்டிக் குடுக்கேல்லையல்லோ.”

“அதுக்கு நாலுதரமோ?”

“ஒரு முகத்துக்குச் சொல்லிப்போட்டு மற்றதுகளை விடேலுமே?”

புத்தர் கோயில்களில் மட்டும் வாசலோடு நின்றுவிடுவார். எந்தச் சிலை எங்கே, எந்தப் படி வழுக்கும் என்று எல்லாவற்றையும் வெளியிலேயே சொல்லி முடித்து, எங்களை உள்ளே அனுப்பிவிட்டு, கழற்றிய செருப்புகளுக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வார்.

“உள்ளுக்கு வாங்கோவன் அண்ணை. செருப்பை இஞ்சை ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.”

“அது எனக்குத் தெரியும். செருப்புக்குத் தெரியுமே?”

பிறகுதான் என் கணவர் சொன்னார். அண்ணை பிரான்ஸுக்கு வந்த பிறகு, ஊரில் அவருடைய காணியில் ஆமி முகாம் போட்டு, அங்கிருந்த அரசமரத்தடியில் ஒரு புத்தரையும் வைத்துவிட்டார்கள். காணி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. இதைக் கேட்கலாமா, கூடாதா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் கேட்டேன்.

“புத்தரோட கோவமோ அண்ணை?”

“கோவம் ஒண்டுமில்லை. கதைபேச்சு இல்லை, அவ்வளவுதான்.”

படுத்திருக்கும் புத்தரின் மண்டபத்தில் அது நடந்தது. தோளை மூடியிருந்த சால்வை நழுவியது. அதைச் சரிசெய்ய ஒரு நொடி கையை விட்டேன். மகளைக் காணவில்லை. தூணுக்குத் தூண் ஆட்கள். கோயிலில் கத்தலாமா என்றுகூட யோசித்தேன், பிறகு கத்தினேன். கணவர் வாசலுக்கு ஓடினார். நான் தலைமாட்டுப் பக்கம் தேடிவிட்டுக் கால்மாட்டுக்கு வந்தேன்.

அங்கே, வீட்டுச் சுவர் அளவு உயரமான அந்தப் பாதங்களுக்கு முன்னால், அண்ணை கால்களைப் பின்னால் மடித்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள்.

“நித்திரையோ?” என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள்.

“இல்லையம்மா. படுத்திருந்து யோசிக்கிறார்.”

“என்னத்தை?”

“தன்னைக் கேக்காமல் ஆரார் எங்கெங்கை கொண்டுபோய் வைச்சவை எண்டு.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் நன்றியும் ஒன்றாக வந்ததில், மகளை எங்கே கண்டீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, “கதைச்சிட்டீங்களோ அண்ணை?” என்றேன்.

“பிள்ளையைக் கண்டனீரோ எண்டு கேட்டனான். அதுக்குக்கூடக் கேக்காமல் இருக்கேலுமே?”

பாரிஸ் தெருக்களில் மகளின் கையை நான் இன்னும் இறுக்கித்தான் பிடிக்கிறேன். ஆனால் ரூ காய் நடைபாதையில் அண்ணையின் கடைப் பலகை தெரிந்ததும், சரியா பிழையா என்று ஒருதரம் யோசித்துவிட்டு, விட்டுவிடுகிறேன். அவள் ஓடுகிறாள்.