வாஷர் தேறும் வரை அக்காவை அனுப்ப வேண்டாம்

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். அங்கே நீ, உன் வீட்டார், பதினொரு நாளாக உன்னோடு தங்கியிருக்கும் உன் அக்கா, கடையில் தொங்கும் தூண்டில்கள் எல்லாம் சுகமாக இருக்க விரும்புகிறேன். ஒரு சின்னப் பையோடு அவள் வந்து இறங்கியபோது நடந்ததைச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என் தூண்டில் ரீலுக்குள் இருக்கிறது. தூண்டில் கடை வைத்து, ரீல் பழுது பார்த்துப் பிழைப்பவன் நீ. உனக்குத்தான் அது புரியும். ஆகவே மைத்துனன் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மெக்கானிக்குக்கு மெக்கானிக் என்ற முறையில் ஒரு விண்ணப்பம். உன் அக்காவை இன்னும் ஒரு மாதம் அங்கேயே வைத்துக்கொள். கோபத்தில் சொல்லவில்லை. எல்லாம் வாஷர்களின் நன்மைக்காகத்தான்.

நான் ஓய்வு பெற்ற அன்று நீ அந்த ரீலைப் பரிசாகக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மேல் குமிழைக் கழற்றி, உள்ளே தகடும் கம்பளி ஃபெல்ட்டுமாக மாறி மாறி அடுக்கியிருந்த வாஷர்களைக் காட்டினாய். "இதுதான் டிராக். இது பிரேக் இல்ல அத்தான். மீன் இழுத்தா விட்டுக் கொடுக்கணும், ஆனா சும்மா விட்டுடக் கூடாது. ஃபெல்ட்டுல எண்ணெய்ப் பசை எப்பவும் இருக்கணும். வேலை முடிஞ்சதும் குமிழை இளக்கி வைங்க, இல்லன்னா ஃபெல்ட் அமுங்கிச் செத்துடும்" என்றெல்லாம் சொன்னாய். நான் தலையாட்டினேன். என் பார்வை ஜன்னல் பக்கம் இருந்தது. ஸ்பூலில் சுற்றிய தூண்டில் நரம்பின் மேல் வெயில் விழுந்து, அதற்குள் ஒரு மெல்லிய பச்சை நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவனுக்கு நீ சொன்னதில் பிரேக் என்ற சொல் மட்டும்தான் காதில் ஏறியது. முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பிரேக் பார்த்தவனப்பா நான். பிரேக் கட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் பத்துப் பேர் உயிர் போகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன். மறுநாள் ரீலைத் திறந்தால் ஃபெல்ட் முழுக்க எண்ணெய். எவனோ அஜாக்கிரதையாகச் சிந்திவிட்டான் என்று முடிவு கட்டி, மூன்று வாஷரையும் மண்ணெண்ணெயில் அலசு அலசு என்று அலசி, ஜன்னல் கட்டையில் வரிசையாகக் காயவைத்து, அவை காயக் காய நானும் பக்கத்தில் நாற்காலியில் அசந்துவிட்டேன். எழுந்து பார்த்தபோது மூன்றும் காய்ந்த ரொட்டித் துண்டு மாதிரி விறைத்திருந்தன. எனக்குப் பரம திருப்தி.

சோதித்துப் பார்க்க மீன் வேண்டுமே. உன் அக்கா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் பையின் கைப்பிடியில் நரம்பு முனையை முடிந்து, "நீதான் மீன், சும்மா நட" என்றேன். அவளும் தாழ்வாரத்தில் நடந்தாள். டிராக் முதலில் அசையவே இல்லை; பிறகு ஒரு குலுக்குக் குலுக்கி விட்டது; பட்டென்று நரம்பு அறுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மீன் போயிடுச்சு, பால் வாங்கிட்டு வரும்" என்று படியிறங்கிப் போய்விட்டாள். அந்த வாரமே ஏரியிலும் அதே கதை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெரிய மீன் கடித்தது, குலுங்கியது, அறுத்துக்கொண்டு போனது. அது போன இடத்தில் வட்டம் வட்டமாகத் தண்ணீர் விரிந்தது. கரைக்கு வந்து சேரும்வரை ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்துக்கொண்டே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டால், "எண்ணெயைக் கழுவிட்டீங்களா அத்தான்" என்று நீ சிரித்தாய், உன் கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தப்பு என்மேல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. சரக்கு சரியில்லை என்று சாதித்தேன்.

பிறகுதான் தலைசுற்றல் ஆரம்பம். தோல் வாஷரும் உண்டு என்று நீ பேச்சுவாக்கில் சொன்னதை நம்பி என் பழைய இடுப்பு வாரை வட்டமாக வெட்டி, சமையல் எண்ணெயில் ஊறப்போட்டேன். நாலு நாளில் அது பிசினாகி, ஸ்பூலும் நானும் ஒட்டிக்கொண்டோம். நீ டெஃப்லான் வாஷர் அனுப்பினாய். வழுக்கென்றால் அப்படி ஒரு வழுக்கு, சின்ன மீன்கூட இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடும் போலிருந்தது. கார்பன் அனுப்புகிறேன், டிராக் கிரீஸை இருக்கா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவுங்கள் என்றாய். இருக்கா இல்லையா என்று தெரியாததை எப்படித் தடவுவது என்று ஒரு மதியம் முழுக்க யோசித்து, வேண்டாம் என்று புது ஃபெல்ட்டுக்கே திரும்பினேன். இந்தமுறை நீ சொன்னபடியே கிரீஸ் போட்டேன், குமிழை இளக்கியும் வைத்தேன். ஆனால் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் குமிழ் கடைசிவரை முறுக்கிக் கிடந்தது. உள்ளே ஃபெல்ட் காகிதமாக அமுங்கியிருந்தது.

உன் அக்காவைப் பற்றி உனக்குத் தெரியாததா. திருகக்கூடியது எது கண்ணில் பட்டாலும் இறுக்கி மூடிவிடுவாள். குழாய், காஸ் அடுப்பு, பாட்டில் மூடி, என் கண் மருந்து எதுவும் தப்பாது. வெளியே கிளம்புமுன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். அன்றைக்குத் தோளில் பையோடு ரீலைக் கடந்து போகிறவள் அதையும் ஒரு திருகு திருகியபோது கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"திறந்து கிடந்துது, மூடினேன்" என்றாள்.

"அது மூடி இல்ல. நசுங்குதுல்ல உள்ள. மூச்சு விட வேணாமா அதுக்கு?"

"நீங்க முப்பத்தெட்டு வருஷம் யார் யாரோ லிஃப்டுல தொங்கிட்டு இருந்தீங்க. இங்க யாரு மூடினா? நான் மூடலன்னா இந்த வீடு ஒழுகியே தீந்திருக்கும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் வாயை அடக்கவில்லை. "உன் கை பட்டாலே எல்லாம் இறுகிப் போயிடுது" என்று சொல்லிவிட்டேன். அவள் பையைக் கீழே வைத்து, தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்தாள். இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நான் அலமாரிக்கு அடியில் உருண்டுபோன ஒரு வாஷரைத் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைத்து நிமிர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை.

இப்போது ஆராய்ச்சி முடிவுக்கு வருகிறேன். பதினொரு நாளாக நான் இளக்கி வைத்த குமிழ் இளகியே இருக்கிறது. ஃபெல்ட் மெதுவாக எழும்பி, கிரீஸைக் குடித்து, தொட்டால் பூனையின் காது மாதிரி இருக்கிறது. நேற்று மாலை நரம்பு முனையைச் சமையலறைத் தாழ்ப்பாளில் கட்டிவிட்டு, தூண்டிலோடு தாழ்வாரத்தில் நடந்தேன். குலுக்கல் இல்லை. மெல்லிய முணுமுணுப்போடு நரம்பு வந்துகொண்டே இருந்தது. இரண்டு மாடி இறங்கினேன், தெருவுக்கு வந்தேன், தையல் கடையைத் தாண்டினேன். வீடே பின்னால் மெதுவாக மிதந்து வருவது போலிருந்தது, நிற்கவே மனம் இல்லை. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "என்ன சார், வீட்டை இழுத்துக்கிட்டு எங்க போறீங்க" என்றார். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாததால் திரும்பிவிட்டேன். இவ்வளவு நல்ல டிராக் என் ஆயுளில் பார்த்ததில்லை. இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று படியேறி ஓடினேன், கதவைத் திறந்தேன், குழாயிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. குழாய் நான் போனதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தரை எல்லாம் ஈரம். சர்க்கரையில் எறும்பு. கண் மருந்து காய்ந்துவிட்டது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, ஆராய்ச்சி என்றால் எல்லாவற்றையும் குறித்துவைக்க வேண்டும் அல்லவா.

ஆகவே வாஷர்கள் முழுதாகத் தேறும்வரை, குறைந்தது ஒரு மாதம், அவள் அங்கேயே இருக்கட்டும். நான் சாப்பிடுகிறேனா என்று கேட்டால் சாப்பிடுகிறேன் என்று சொல். அவளைப் பற்றி நான் விசாரித்தேனா என்று கேட்டால் விசாரித்தேன் என்று சொல்; எத்தனை முறை என்று சொல்லாதே. உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, யார் சொல்வதையும் முதல் தடவையே காதில் வாங்குகிறவர்களாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
லிஃப்ட் மெக்கானிக் (ஓய்வு)

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். தபால் பெட்டிக்கு எதிரே உங்கள் ஊர் பஸ் நின்றிருந்தது, ஏறிவிட்டேன். உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துதான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். அரை மணி நேரமாக மணியை அடிக்கக் கை வரவில்லை. மேலே எழுதியதில் ஒரு மாதம் என்பதை அடித்துவிடு. ஆராய்ச்சி என்பதையும் அடித்துவிடு. உள்ளே உன் அக்கா குரல் கேட்கிறது, "அவருக்கு ஒரு போன் போட்டுப் பாரேன்" என்று உன்னிடம்தான் சொல்கிறாள். அய்யோ, என் சட்டைப் பையில் போன் அடிக்கிறது, உங்களுக்கும் கேட்டிருக்கும். யாரோ கதவுப் பக்கம் வருகிற சத்தம். உன் நடை இல்லை இது. கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். எடுப்பது உன் தம்பி இல்லை, நீயாக இருந்தால், நான் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. வீட்டுக்கு வா.