ஹாப்கின்சனின் இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

யாரும் கேட்காமலே ஓடிவந்து உதவுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு விஷயம் தெரியும். நான் இரண்டாவது வகை.

தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஜனக்புரியில் வளர்ந்தவள் என்பதால் டெல்லியே என் கைக்குள் இருப்பதாக நினைப்பு. (பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "பையா, இது எங்கே போகுது?" என்று கண்டக்டரிடம் கேட்பேன். அது வேறு விஷயம்.) அந்த வருஷம் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் துறையில் ஐந்து பேர் முதலாண்டு சேர்ந்தார்கள். ஐந்து பேரும் திருவிழாவில் தொலைந்த குழந்தைகள் மாதிரி முழித்தார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது.

அவர்கள் முழித்ததில் நியாயம் இருந்தது. ஊர்க் கல்லூரியில் ஆசிரியர் நோட்ஸ் சொல்வார், இவர்கள் எழுதுவார்கள், பரீட்சையில் திருப்பி ஒப்படைப்பார்கள். இங்கே மேடம் உள்ளே வருவார், ஒருவரும் எழுந்து நிற்கமாட்டார்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"அக்கா, நாங்க என்ன நெனைக்கோம்னு தெரிஞ்சு அவுகளுக்கு என்னக்கா ஆகப்போகுது?" என்றாள் பொன்மணி. கோவில்பட்டிப் பக்கம். ஐவரில் அவள் நிலைமைதான் ரொம்ப இக்கட்டு. "மொத செமஸ்டர்ல ஒரு பேப்பர் போனாலும் பெட்டியக் கட்டிட்டு வந்துரணும்னு எங்கப்பா சொல்லிருக்காக. திருநெல்வேலில பி.எட். சீட்டு பேசி வச்சிருக்காக."

விடுவேனா? "அரே, நான் இருக்கேன்ல!" என்றேன்.

ஐவரில் பையன்கள் மூவரும் பக்கத்திலிருந்த முனிர்காவில் ஒரு மொட்டைமாடி அறையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே என் வகுப்பு. மேடம் வந்தால் எழுந்திருக்காதே. எந்தப் பெரிய ஆள் எழுதிய புத்தகமானாலும் சண்டை போடு. எதைச் சொன்னாலும் கீழே அடிக்குறிப்புப் போடு. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போன வருஷம் ஏ மைனஸ் வாங்கிய என் டெர்ம் பேப்பர் கட்டுரையை ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுத்தேன்.

"டெர்ம் பேப்பர்னா இப்படித்தான் இருக்கணும். இதைப் பாத்து எழுதுங்க. அச்சா?"

"சரிங்கக்கா" என்றன ஐந்து குரல்கள்.

ஜனக்புரியில் வளர்ந்தவளுக்கு ஒன்று தெரியாது. 'சரிங்கக்கா' என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது மரியாதை, அவ்வளவுதான். 'இந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்' என்றாலும் அதே சரிங்கக்காதான் வந்திருக்கும்.

இங்கே ஒரு பாவமன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் டெர்ம் பேப்பர் ஏரிப் பாசனத்தைப் பற்றியது. ஏழாம் பக்கத்தில், 'ஊர்ச் சண்டைகளில் பாதி ஏரி மதகில்தான் தொடங்கின' என்று ஒரு வரி. அது மாயவரத்துப் பெரியப்பா பேச்சுவாக்கில் சொன்னது. பெரியப்பாவை எப்படி அடிக்குறிப்பில் போடுவது? ஆனால் அடிக்குறிப்பே இல்லாமல் அந்தப் பக்கம் மொட்டையாக இருந்தது. எனவே டபிள்யூ. டி. ஹாப்கின்சன் என்று ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரை உண்டாக்கினேன். ஓய்வுக்குப் பிறகு அவரை ஒரு புத்தகம் எழுத வைத்தேன். பக்கம் 214 என்று போட்டேன். மேடம் ஓரத்தில் 'நல்ல ஆதாரம்!' என்று எழுதியிருந்தார். எனக்கே ஹாப்கின்சன்மேல் ஒரு பெருமிதம் வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து நூலகப் படிக்கட்டில் பொன்மணி என்னைப் பிடித்தாள்.

"அக்கா, இந்த ஹாப்கின்சன் புஸ்தகம் எங்கயுமே இல்லக்கா. கேட்டலாக் கார்டு டிராயர் பூராவும் உருவிப் பாத்துட்டேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் அவள் பார்வையில் அவ்வளவு பக்தி.

"அது ரொம்ப ரேர் புக், பொன்மணி. நான் பழைய காப்பி ஒண்ணு பாத்தேன்."

"எங்கக்கா?"

"கல்கத்தால." (கல்கத்தாவை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.)

"சரிங்கக்கா."

நவம்பரில் ஒரு நாள் மேடம் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். (எழுந்திருக்காதே என்று சொன்னவள் நான். யார் கேட்டார்கள்?) மேடம் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அன்று அது கையில் இருந்தது. மேஜையில் ஐந்து டெர்ம் பேப்பர்கள்.

"ஹேமா, இவர்கள் உன் மாணவர்களாமே" என்றார் ஆங்கிலத்தில். "ரயில்வே கூலிகள், உப்பு வரி, கோயில் நிலம், பெண்கள் பள்ளி, கிணற்றுப் பாசனம். ஐந்திலும் முதல் அடிக்குறிப்பு ஹாப்கின்சன். ஐந்திலும் பக்கம் 214. அந்த ஒரே பக்கத்தில் அந்த மனிதர் இவ்வளவும் எழுதியிருந்தால், எழுத்து எத்தனை சிறியதாக இருந்திருக்கும்?"

திண்டுக்கல் ஆரோக்கியராஜ் தைரியமாக வாயைத் திறந்தான். "மேடம், எல்லாப் பேப்பரும் அவரை வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்தோம். எங்கள் ஊரில் எதை எழுதினாலும் மேலே ஒரு பிள்ளையார் சுழி போடுவார்கள். அது மாதிரி." ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பையன், பிள்ளையார் சுழி எப்படி இருக்கும் என்று காற்றில் விரலால் போட்டும் காட்டினான்.

மேடம் சிரிக்கவில்லை. "மூன்று நூலகங்களில் விசாரித்துவிட்டேன். அப்படி ஒரு புத்தகமே இல்லை. இல்லாத நூலை ஆதாரம் காட்டினால் பூஜ்யம்தான்."

பொன்மணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் திருநெல்வேலி பி.எட். கல்லூரி அப்படியே தெரிந்தது.

"மேடம்... ஹாப்கின்சன் என் கற்பனை. இவங்க மேல தப்பில்லை." பதற்றத்தில் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் உளறி, மாயவரம் பெரியப்பா வரைக்கும் கக்கிவிட்டேன்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க விரும்பவில்லை. மேடம் பென்சிலை மறுபடி கொண்டையில் செருகிக்கொண்டு, பொன்மணியின் கிணற்றுப் பாசனத்தை எடுத்து அடிக்குறிப்பைப் படித்தார்:

"'ஹாப்கின்சன், பக்கம் 214. இந்த நூலைப் பல இடங்களில் தேடினேன், கிடைக்கவில்லை. என் சீனியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆனால் இவர் கருத்தை ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய் வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். மதகு திறக்கவே வேலையில்லை. ஆனாலும் சண்டைக்குக் குறைவில்லை.'"

காகிதத்தைக் கீழே வைத்தார். "பார்க்காத நூலைப் பார்க்கவில்லை என்று எழுதியவள் இந்த வகுப்பிலேயே இவள் ஒருத்திதான். நீ உண்டாக்கிய ஆளை இவள் தோற்கடித்தும் விட்டாள். இது பாஸ். மற்ற நால்வரும் இரண்டு வாரத்தில் திருத்தி எழுதட்டும்."

பொன்மணிக்குப் பாதிதான் புரிந்திருக்கும். "அக்கா, நான் பாஸாக்கா?" என்று கிசுகிசுத்தாள். தலையாட்டினேன்.

என் ஏ மைனஸ் பி ஆனது. அடிக்குறிப்பில் ஹாப்கின்சனை எடுத்துவிட்டு, 'பெரியப்பா, மாயவரம், நேரில் சொன்னது' என்று போடவைத்தார் மேடம். (அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை வாங்கிப் பெரியப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.) அத்தோடு, முதலாண்டுக்காரர்களின் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் நூலகத்தில் புத்தகத்தோடு வைத்துச் சரிபார்க்கிற வேலை வருஷம் முழுக்க எனக்கு. எல்லா டிராயரையும் உருவினேன். நான் அவர்களுக்கு உருப்படியாகச் செய்த உதவி அது ஒன்றுதான்.

பொன்மணி ஊருக்குத் திரும்பவில்லை. இன்று டெல்லியிலேயே ஒரு கல்லூரியில் பேராசிரியர். நான்? வீட்டில் எதைச் சொன்னாலும், "எந்தப் பக்கம்?" என்று கேட்கப்படுகிற பெண். அப்பா ஆரம்பித்தது. பெண் பார்க்க வந்தவரிடம் காபி வருவதற்கு முன்பே கதையைச் சொல்லிவிட்டார். வந்தவர் அதற்குப் பிறகும் என்னைக் கட்டிக்கொண்டார். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்றால் போதும், இவரும் மகளும் சேர்ந்தே கேட்பார்கள்: "எந்தப் பக்கம்?"

மகள் இப்போது கல்லூரியில் முதலாண்டு. போன மாதம் ஹாஸ்டலிலிருந்து போன்.

"அம்மா, ஒரு ஹெல்ப் வேணுமே."

துள்ளி எழுந்தேன். "சொல்லு, சொல்லு! டெர்ம் பேப்பரா?"

"அதெல்லாம் பொன்மணி ஆன்ட்டிகிட்ட கேட்டாச்சு. ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க வர்றேல்ல? என் ரூம்மேட்ஸுக்கு மட்டும் எதுவும் சொல்லிக் குடுத்துடாதே. ப்ளீஸ்."